பொம்மைக் கையில் துடித்த நாடி

இரண்டு வருடங்களுக்கு முன்னால், மாங்காய் சீசன் முடிந்து கூழ் ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டிருந்த ஆடி மாதத்தில், கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் நடந்தது இது. மதியம் இரண்டு, இரண்டரை மணி இருக்கும். பட்டப்பகல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் "ராத்திரியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. எங்கள் பள்ளி ஹைவேயை ஒட்டியது. பிளஸ் டூ முடிக்கும் பெண்களில் பாதிப் பேர் ரிசல்ட் வந்த வாரமே ஓசூர் கம்பெனி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். காலையில் நாங்கள் பள்ளிக்கு வரும்போது, போன வருடம் வரை யூனிஃபார்மில் இருந்த பிள்ளை நீலக் கோட்டும் கழுத்தில் ஐடி கார்டுமாக பஸ் ஜன்னலிலிருந்து கை காட்டும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் வேறு வழிகளும் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டு போகட்டுமே என்பார் எங்கள் தலைமையாசிரியர். அவர்தான் ஒரு நர்சிங் பயிற்சி நிலையத்தில் பேசி, மருத்துவத் துறை வேலைகளைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே செய்து பார்க்க ஒரு நாள் முழுவதும் ஏற்பாடு செய்திருந்தார்.

கூட்டிக்கொண்டு போக வேண்டியவர் உயிரியல் ஆசிரியை. அவர் குழந்தைக்குக் காய்ச்சல். அதனால் நான் போனேன். எனக்கு விருப்பமே இல்லை. திருத்த வேண்டிய யூனிட் டெஸ்ட் பேப்பர் கட்டு ஒன்று வீட்டில் கிடந்தது. அங்கே எங்காவது மூலையில் உட்கார்ந்து திருத்திவிடலாம் என்று அதையும் தூக்கிக்கொண்டு வேனில் ஏறினேன்.

மொத்தம் முப்பத்து மூன்று பெண்கள். அதில் ஒருத்தியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

ஒல்லியான பெண். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அப்பாவுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் வேலை, அம்மா சீசனில் கூழ் ஃபேக்டரிக்குப் பழம் நறுக்கப் போவார். அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் அந்தப் பெண் மூன்று முறை மயங்கி விழுந்திருந்தாள். ஒரு முறை என் லேபிலேயே விழுந்தாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையில் டெஸ்ட் ட்யூபோடு நின்றிருந்தவள் முகம் திடீரென்று சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது. கண் திறந்தபடியே இருந்தது. அப்படியே சரிந்தாள். அரை நிமிடம்கூட இருக்காது, முகமெல்லாம் சிவந்து எழுந்து உட்கார்ந்து, "என்ன மிஸ் ஆச்சு?" என்று ஒன்றுமே நடக்காததுபோலக் கேட்டாள்.

கண்ணைத் திறந்துகொண்டே விழுகிறாள் என்பதுதான் மற்ற பிள்ளைகளைப் பயமுறுத்திவிட்டது. எங்கள் பள்ளிக்கு எதிரே ஹைவேயைக் கடக்கும் இடத்தில் ஒரு பெண் லாரியில் அடிபட்டு இறந்திருந்தார். அந்த நேரம் பார்த்து இவள் அந்தப் பக்கமாக நடந்து போனாள் என்றும், அதற்குப் பிறகுதான் இப்படி ஆகிறது என்றும் ஒரு கதை கிளம்பிவிட்டது. பக்கத்தில் உட்கார மாட்டார்கள். டிபன் பாக்ஸைப் பகிர மாட்டார்கள். அவள் அம்மாவும் பயந்துபோய் எங்கெங்கோ கூட்டிப்போய்க் கையில் தாயத்து கட்டியிருந்தார். கிளினிக்கிலும் காட்டினார்கள். ரத்தம் குறைவு என்று க்ளூக்கோஸ் ஏற்றி, மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "காலைல சாப்பிடாம வராதம்மா" என்று நானும் சொன்னேன். என் கடமை அதோடு முடிந்ததாக நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பயிற்சி நிலையம் முன்பு மாங்கூழ் ஃபேக்டரியாக இருந்த கட்டடம். முன்பக்கம் மட்டும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். பயிற்சிக்கூடம் இருந்த பின்பக்கம் பழைய கோல்ட் ஸ்டோரேஜ். ஒரு முழம் தடிமனில் சுவர், ஒரு ஜன்னல்கூட இல்லை. நீளமான பிடி வைத்த இரும்புக் கதவு. ஃபினாயில் வாசனைக்கு அடியில், எத்தனை கழுவினாலும் போகாத ஒரு பழைய மாம்பழ இனிப்பு வாடை இருந்தது.

உள்ளே ஆறு கட்டில்கள். ஒவ்வொன்றிலும் கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்திய ஓர் ஆள். பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"வாங்கம்மா, உள்ள வாங்க. இவங்க யாரும் கடிக்க மாட்டாங்க" என்று சிரித்தபடி வந்தார் பயிற்சி கொடுக்கும் சிஸ்டர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஓசூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், வேலையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். எல்லாம் பயிற்சிக்கான பொம்மைகள் என்று துணியை விலக்கிக் காட்டினார். முதல் கட்டிலில் இருந்தது மட்டும் கம்ப்யூட்டரில் ஓடுவது. அதன் நெஞ்சு ஏறி இறங்கியது, கண் சிமிட்டியது. மற்ற ஐந்தும் வெறும் ரப்பர்தான். உள்ளே வயரும் இல்லை, மெஷினும் இல்லை. ஆனால் முகங்கள் எல்லாம் ஒரே அச்சு. கண்கள் பாதி திறந்திருந்தன.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், காலைப் பொழுது அத்தனை உற்சாகமாகப் போயிற்று. கட்டுப் போட்டார்கள், பிரஷர் பார்த்தார்கள், பாதி உடம்பு பொம்மை ஒன்றின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி உயிர் கொடுக்கப் பழகினார்கள். சரியாக அழுத்தினால் உள்ளே 'டக்' என்று சத்தம் வரும். ஆஸ்பத்திரி என்றால் டாக்டர், நர்ஸ் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்களுக்கு எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் மெஷினை ஓட்டுபவர், ஆம்புலன்ஸில் வருபவர் என்று ஒவ்வொரு வேலையும் எப்படி இருக்கும் என்று சிஸ்டர் செய்தே காட்டினார். நான் மூலையில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவும் பயிற்சி. சிஸ்டர் ஒரு பெண்ணின் கையில் ஏதோ மாவு தடவினார். அது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுக்க வேண்டும், அவர் அடுத்தவருக்கு. இப்படி ஒரு சுற்று. பிறகு விளக்கை அணைத்து, ஊதா வெளிச்சம் தரும் ஒரு டார்ச்சை அடித்தார். இருட்டில் பிள்ளைகளின் கைகள் மட்டும் பளபளவென்று நீலமாக மிதந்தன. ஒருத்தி கன்னத்தில் ஐந்து விரல் பதிந்திருந்தது. எல்லோரும் கூச்சலிட்டுச் சிரித்தார்கள்.

"கிருமி இப்பிடித்தான் பரவும். எல்லாரும் கைய நல்லா மேல தூக்குங்க" என்ற சிஸ்டர், டார்ச்சைத் திருப்பிக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினார். "அங்க யாரும்மா கை தூக்காம நிக்கிறது?"

"தூக்கிட்டுதான் இருக்கேன் சிஸ்டர்" என்று இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது. கை தெரியவில்லை.

அவள்தான். அந்தச் சுற்றில் அவளுக்கு மட்டும் யாரும் கை கொடுக்கவில்லை. எனக்குப் புரிந்தது. விளக்கைப் போட்டதும் ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

சாப்பிட்டு வந்தபோது வெளியே வானம் கறுத்திருந்தது. இரண்டு இடி இடித்தது, கரண்ட் போயிற்று. முதல் கட்டிலில் இருந்த பொம்மையின் மூச்சு பாதியில் அப்படியே நின்றுவிட்டது. கதவுக்கு மேலே ஓர் எமர்ஜென்சி லைட் மட்டும் மங்கலாக எரிந்தது. ஃபேனும் ஏசியும் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த இடம் சட்டென்று காதடைத்ததுபோல ஆகிவிட்டது.

சிஸ்டர் கவலைப்படவில்லை. "நாடி பாக்கறதுக்குக் கரண்ட்டும் வேணாம், லைட்டும் வேணாம்" என்று சொல்லி எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்தார். முப்பத்து மூன்று பேரில் ஒருத்தி மிச்சம். யார் மிச்சம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"நீ வா பாப்பா, இப்பத்திக்கு அந்தக் கடைசிக் கட்டில் பொம்மையோட கையப் புடிச்சு எடத்தைப் பழகிக்கோ. நான் வந்து என் கையக் குடுக்கறேன்" என்றார் சிஸ்டர். பிறகு மணிக்கட்டில் எந்த இடம், எத்தனை விரல் என்று முன்னால் நின்று விளக்கினார். அடுத்த இடி சத்தத்தில் அது கடைசிக் கட்டில் வரை கேட்கவில்லை. மூலையில் இருந்த எனக்கும் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் யாரும் பேசக்கூடாது, மனசுக்குள்ள எண்ணுங்க" என்று சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் போடச் சொல்ல அவர் வெளியே போனார்.

அப்படி ஓர் அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. முப்பத்து மூன்று பிள்ளைகள் இருக்கும் அறை மாதிரியே இல்லை. அரையிருட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் யார், படுத்திருக்கும் பொம்மைகள் எவை என்றுகூடச் சட்டென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"மிஸ்..."

கடைசிக் கட்டிலிலிருந்து மெதுவாக வந்தது குரல்.

"என்னம்மா?"

"இதுக்கு நாடி அடிக்குது மிஸ்."

யாரோ வீலென்று கத்தினார்கள். பெஞ்சுகள் தள்ளப்படும் சத்தம். நான் எழுந்து போனேன். அவள் பொம்மையின் மணிக்கட்டை விடவே இல்லை. முகத்தில் விளையாட்டு இல்லை. தலையைச் சாய்த்து, தூரத்தில் யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தாள்.

"சும்மா இரு. அது ரப்பர்."

"இல்ல மிஸ், நெஜமா. நீங்களே தொட்டுப் பாருங்க. அடிக்குது... அடிக்குது... நின்னுடுது. ரொம்ப நேரம் கழிச்சு மறுபடியும் அடிக்குது."

பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேய், பிசாசு நம்புகிறவள் இல்லை. அதைக் காட்டத்தான் அவள் கையை விலக்கிவிட்டு, அவள் பிடித்திருந்த மாதிரியே கட்டை விரலை அழுத்தி அந்தக் கையைப் பிடித்தேன். அவள் பிடித்திருந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

அடித்தது.

மெல்லியதாக, ஆனால் தெளிவாக, என் விரலுக்கு அடியில் டப், டப், டப் என்று ஒரு நாடி ஓடியது. பாதி திறந்த கண்களோடு பொம்மை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை உதறினேன். பொம்மையின் கை கட்டில் கம்பியில் 'ணங்' என்று மோதித் தொங்கியது. அவ்வளவுதான், பிள்ளைகள் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள்.

சத்தம் கேட்டு சிஸ்டர் டார்ச்சோடு ஓடிவந்தார். என்னால் கோர்வையாகச் சொல்ல முடியவில்லை. "பொம்மைக்கு நாடி..." என்று மட்டும் சொன்னேன். நான் எந்த விரலால் பிடித்தேன் என்று கேட்டார். காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அய்யோ மிஸ், கட்டை வெரல் வெக்கக் கூடாதுன்னு அதுக்குத்தான் சொன்னேன். அந்த வெரல்லயே ஒரு நாடி ஓடுது. எதைப் புடிச்சாலும் உங்க நாடிதான் உங்களுக்குத் தெரியும். பர்ஸ்ட் இயர் பசங்க எல்லாரும் ஒரு தடவ இப்பிடிப் பயந்துருக்காங்க."

பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேர் முன்னால் நடுங்கிப்போய் நின்றிருக்கிறேன். அந்த வெட்கம் அப்படியே கோபமாக மாறி அந்தப் பெண் மேல் பாய்ந்தது. "ஏற்கெனவே உன்னப் பத்தி என்னென்னவோ பேசறாங்க. நீயே அதுக்கு எடம் குடுக்கறியா? அடிக்குதாம், நின்னுடுதாம், மறுபடி அடிக்குதாம்! யாரப் பயமுறுத்தப் பாக்கற? வெளிய போய் நில்லு."

"நான் பொய் சொல்லல மிஸ்" என்றாள். அழவில்லை. இரும்புக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

கரண்ட் வந்தது. முதல் கட்டில் பொம்மை விட்ட இடத்திலிருந்து மூச்சு விட ஆரம்பித்தது. அடுத்ததாக ரப்பர்க் கையில் ஊசி போடும் பயிற்சி. வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் குசுகுசுவென்று அவள் குரலிலேயே பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "அடிக்குது மிஸ்... நின்னுடுது மிஸ்... ரொம்ப நேரம் கழிச்சு அடிக்குது மிஸ்..."

ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சிஸ்டரின் கை நின்றது.

"என்ன சொன்னீங்க? நின்னுடுதுன்னா சொல்லுச்சு அந்தப் பாப்பா?" என்று என்னைப் பார்த்தார்.

"ஆமாம் சிஸ்டர்."

"நீங்க புடிச்சப்ப நின்னுச்சா?"

"இல்லை. சீராகத்தான் அடிச்சுது."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் புரிந்துவிட்டது. என் விரலில் நான் உணர்ந்தது என் நாடி. அப்படியானால் அவள் விரலில் அவள் உணர்ந்தது அவளுடைய நாடி. நின்று நின்று அடித்தது பொம்மையினுடையது இல்லை.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன்.

கதவுக்கு வெளியே அவள் இல்லை. நீளமான நடைபாதை. இரண்டு பக்கமும் பழைய குளிர் அறைகளின் இரும்புக் கதவுகள், எல்லாம் சாத்தியிருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் குரல்தான் திரும்பி வந்தது. மறுபடி கூப்பிட்டேன். கடைசியில், வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது.

ஒரு கதவின் அடியில் சரிந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. கூப்பிட்டால் அசைவில்லை. சுவரோடு சுவராக வெளுத்திருந்தாள். சிஸ்டர் மண்டியிட்டு அவள் கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். "மிஸ், சத்தம் போடாதீங்க" என்றார். அவர் உதடு மட்டும் அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் மாறவில்லை. இன்னொரு கையை அவள் நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்தத் தயாரானார். அப்போது, "வந்துடுச்சு" என்றார்.

என் கையைப் பிடித்து இழுத்து, என் மூன்று விரல்களை அவள் மணிக்கட்டில் வைத்தார். "இதைப் பாத்துக்கிட்டே இருங்க. விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஈசிஜி மெஷினை எடுத்துவர ஓடினார்.

அந்த ஆளில்லாத நடைபாதையில் நானும் அவளும் மட்டும். விரலுக்கு அடியில் ஒன்று அடித்தது. இன்னொன்று அடித்தது. பிறகு நின்றது. நான் காத்திருந்தேன். வெளியே மழை கொட்டும் சத்தம் கேட்டது. ஓர் உயிர் என் விரல் நுனியிலிருந்து போய்விட்டது, திரும்பி வருமா வராதா என்று தெரியாமல் நான் குந்தியிருந்தேன். ரொம்ப நேரம் கழித்து மறுபடி அடித்தது. அவள் எனக்குச் சொன்னாளே, அதே மாதிரி. ஒரு வார்த்தைகூட அவள் கூட்டிச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, கண் விழித்து, "என்ன மிஸ் ஆச்சு?" என்றாள்.

ஈசிஜி காகிதத்தை எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கோடுகளுக்கு நடுவில் இருந்த வெற்றிடம் யாருக்கும் தெரியும். சிஸ்டர் காகிதத்தைக் கிழித்து மடித்துக்கொண்டு, நிலையத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இதயத்துக்குள் துடிப்பைக் கடத்தும் பாதையில் தடை இருக்கிறது, அதனால்தான் அவ்வப்போது நின்று நின்று துடிக்கிறது, மயக்கம் எல்லாம் அதனால் வந்தது என்றார் டாக்டர். துடிப்புக் குறையும்போது ஒவ்வொரு துடிப்பும் ரொம்பப் பலமாக இருக்கும், அதனால்தான் தன் விரலிலேயே அவளுக்கு அத்தனை தெளிவாகத் தெரிந்திருக்கிறது என்றும் சொன்னார். உடனே பெங்களூர் கொண்டுபோகச் சொன்னார்கள்.

பிள்ளைகளை வேனில் அனுப்ப சிஸ்டர் திரும்பிப் போனார். அவள் அம்மா வந்து சேர்ந்திருந்தார். அப்பா ஷிஃப்டில் இருந்தார். ஓசூரில் வழியிலேயே ஏறிக்கொள்வதாகப் போனில் சொன்னார். ஆம்புலன்ஸில் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நான். உடன் வந்த நர்ஸ் மெஷினைப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் சூளகிரி தாண்டியும் நான் அவள் மணிக்கட்டை விடவில்லை.

வெளியே போய் நின்றபோது என்ன ஆனது என்று கேட்டேன். மணிக்கட்டில் இருந்த என் விரல்களைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"பொம்மையிலதான் அடிக்குதுன்னு நெனச்சேன் மிஸ். வெளிய வந்து செவுத்துல வெரல வெச்சேன். செவுத்துலயும் அடிச்சுது. அதே மாதிரியே நின்னு நின்னு. இரும்புக் கதவுலயும் அடிச்சுது. எல்லாரும் சொல்றாப்பல ஏதோ ஒண்ணு என் பின்னாடியே வருதுன்னு நெனச்சுட்டேன். அதுக்கிட்ட இருந்து தப்பிக்கலாம்னு ஓடினேன். அப்புறம் தெரியல."

பொம்மையின் கையில் நாடி அடித்தபோது நான் பயந்த பயம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஜன்னலில்லாத அந்தக் கட்டடத்தில் ஒரு பிள்ளை தன்னந்தனியாக நின்று, தொட்ட சுவரெல்லாம் துடிப்பதை உணர்ந்திருக்கிறது. அங்கே அவளைத் தனியாக நிற்கவைத்தவள் நான்.

எதிரே உட்கார்ந்திருந்த அவள் அம்மா தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்னிடம், "சாமி குத்தம்னு சொன்னாங்க மிஸ். கோயில் கோயிலா போனோம். இதுவா இருக்கும்னு ஒருத்தரும் சொல்லலியே" என்று அழுதார். எனக்குப் படித்தவள் என்று பெயர். கண் முன்னால் விழுந்தபோது இட்லி சாப்பிடச் சொல்லி அனுப்பியவள்.

ஓசூரில் அப்பா கம்பெனிச் சட்டையோடே ரோட்டோரம் மழையில் நின்றிருந்தார். ஏறியதும் மகளின் காலைப் பிடித்துக்கொண்டவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை விடவில்லை.

பெங்களூரில் அன்றைக்கே தற்காலிகமாக ஒரு வயர் வைத்துத் துடிப்பைச் சீராக்கினார்கள். சில நாட்கள் கழித்துத் தோள்பட்டைக்குக் கீழே சின்னதாகப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால், ஒரு மயக்கத்திலிருந்து எழுந்திருக்காமலே போயிருக்கக்கூடும் என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னார். வார்டில் பார்க்கப் போனபோது தலைமாட்டில் உட்கார்ந்தேன். ஆப்பிளை நறுக்கிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள்.

"மிஸ், அன்னைக்கி நான் பொய் சொல்லல இல்ல?"

உயிர் பிழைத்து வந்திருக்கிறாள். அவளுக்கு அதைவிட இதுதான் பெரிதாக இருந்திருக்கிறது. "இல்லடா கண்ணு. நீ சொன்னது அத்தனையும் நெஜம். நான்தான் கேக்கல. என்ன மன்னிச்சுடு" என்றேன். மாணவியிடம் நான் மன்னிப்புக் கேட்டது என் பதினெட்டு வருட வேலையில் அதுதான் முதல் முறை.

அவள் திரும்பி வருவதற்கு முன்னால், அதே வகுப்பில், அதே முப்பத்து இரண்டு பேர் முன்னால் நின்று நடந்ததை எல்லாம் சொன்னேன். நான் பயந்தது, பயந்ததை மறைக்க அவளைத் திட்டியது, எல்லாம். அவள் குரலில் பேசிச் சிரித்த இருவரில் ஒருத்தி அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து தேம்பித் தேம்பி அழுதாள். அவள் இப்போது நர்சிங் இரண்டாம் வருடம். யாரும் சொல்லி அவள் அதில் சேரவில்லை.

பேஸ்மேக்கர் வைத்த அந்தப் பெண்ணும் நர்சிங் சேருவாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சேரவில்லை. "ஆஸ்பத்திரி வாசனை போதும் மிஸ்" என்று சிரித்துவிட்டு கிருஷ்ணகிரியில் பி.காம் படிக்கிறாள். பஸ்ஸில் பார்த்தால் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பாள். நன்றாகச் சதை போட்டிருக்கிறாள். சிஸ்டர் மட்டும் இன்னும் மாதம் ஒரு முறை அவளைப் போனில் கூப்பிட்டு, ஒரு நிமிடம் நாடியை எண்ணச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறாராம்.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளை என்னிடம் வந்து நம்பவே முடியாத ஒன்றைச் சொன்னால், "அதெப்படி இருக்க முடியும்?" என்று நான் ஆரம்பிப்பதில்லை, "எப்படி இருந்துச்சு, இன்னொரு தடவ சொல்லு" என்கிறேன், அப்படிக் கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருக்கும் அந்த ஒரு கணத்தில், உண்மையைச் சொல்லப்போனால், எனக்கு இன்னமும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.